ஆளில்லாத படிக்கட்டு

கடைத்தெருவில் எல்லோருக்கும் அவள் ஸ்டூடியோ அக்கா. பாஸ்போர்ட் அளவுப் படம் எடுப்பது பிழைப்பு. "காது தெரியணும், தாடையை இறக்குங்க, சிரிக்காதீங்க" என்று வாரமெல்லாம் சொல்லிச் சொல்லி, ஞாயிற்றுக்கிழமை வந்தால் மனித முகத்தைப் பார்க்கவே அவளுக்குப் பிடிக்காது. அன்று முகமில்லாதவற்றைத் தேடுவாள். முட்டைக்கோஸை இரண்டாக வெட்டி, அதன் உள்மடிப்புகளை ஜன்னல் வெளிச்சத்தில் வைத்து எடுத்துக்கொண்டே இருப்பாள்.

"சமைக்க எடுக்கலாமா, இல்ல அது இன்னும் போஸ் குடுக்கணுமா?" என்பார் பேருந்து ஓட்டும் கணவர்.

ஒருமுறை பூந்தொட்டியில் கிடந்த வெற்று நத்தை ஓட்டின் சுருளை மேலிருந்து படம் எடுத்தாள். அவள் எடுத்ததில் அவளுக்கே பிடித்துப்போன ஒரே படம் அதுதான். அடுத்த வாரம் முகவரி மாற்றுவதற்காகக் காப்பீட்டு அலுவலகம் போனவள், தற்செயலாக அண்ணாந்து பார்த்தாள். அதே சுருள்! மாடி மாடியாகச் சுற்றி ஏறும் படிக்கட்டு, நடுவில் வெற்றிடம், உச்சியில் கண்ணாடிக் கூரை. மதியத்துக்குச் சற்று முன்பு வெயில் நேராகத் தரைவரை இறங்கியது. நத்தை ஓட்டுக்குப் பக்கத்தில் இதை மாட்டினால் போதும், வேறெதுவும் வேண்டாம் என்று தோன்றியது.

படமெடுக்க அனுமதி கேட்டு நடையாய் நடந்தாள். மேலாளர் விடுப்பில் இருந்தார். திரும்பி வந்ததும் மாற்றலாகிப் போனார். புதியவர் முதலிலிருந்து ஆரம்பிக்கச் சொன்னார். கடைசியில் தொலைபேசி வந்தது.

"புதன்கிழமை வாங்க. நாங்க ரெடியா இருப்போம்."

'நாங்க' என்ற சொல்லை அவள் கவனிக்கவில்லை.

புதன்கிழமை கடையைப் பூட்டிவிட்டுப் போனாள். உள்ளே நுழைந்ததும் கால்கள் நின்றுவிட்டன. மொத்த அலுவலகமும் படிக்கட்டில் நின்றது. புதுத்துணி, படியச் சீவிய தலை. கீழ்ப்படியில் டை கட்டிய மேலாளர்.

"உயரம் பார்த்து நிக்கணுமா மேடம்?"

"சார், நான் படிக்கட்டைத்தானே எடுக்க வந்தேன்."

"ஆமா, படிக்கட்டுலதானே நிக்கிறோம்?"

"படிக்கட்டு மட்டும் சார். ஆளுங்க இல்லாம."

"அப்ப எங்க மேக்கப் எல்லாம் வீணா?" என்றது மேலிருந்து ஒரு குரல். எல்லோரும் சிரித்தார்கள். மேலாளர் சிரிக்கவில்லை.

"ஆளில்லாத படிக்கட்டை எடுத்து என்னம்மா பண்ணுவீங்க?"

அவள் கைப்பேசியில் நத்தை ஓட்டைக் காட்டினாள். அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார்.

"நத்தையா? எங்க ஆபீஸ்ல வேலை மெதுவா நடக்குதுன்னு சொல்றீங்களா?"

அதற்குமேல் வாதாட அவளுக்குத் தெம்பில்லை. தரையில் மல்லாந்து படுத்துக்கொண்டு எடுத்தாள். ஒருவர் கண்ணை மூடினார், மறுபடி. இன்னொருவர் பின்னால் மறைந்தார், மறுபடி. அவளை அறியாமல் வாய் "காது தெரியணும்" என்றது. தன் மேலேயே எரிச்சல் வந்தது. கூட்டம் கலைந்து படிகள் காலியானபோது கண்ணாடிக் கூரைக்கு மேல் மேகம் கவிந்திருந்தது. வெறும் படிக்கட்டையும் எடுத்தாள்தான். சாம்பல் பூசியதுபோல் உயிரில்லாமல் வந்தது.

"இன்னொரு நாள் வரேன் சார்."

"தாராளமா வாங்க."

ஆனால் அதற்குள் தேர்வு விண்ணப்பக் காலம் தொடங்கிவிட்டது. கடை வாசலில் மாணவர் வரிசை. ஒருநாளும் பூட்ட முடியவில்லை. கூட்டம் ஓய்ந்து அவள் அங்கே போனபோது, படிக்கட்டின் நடு வெற்றிடத்தில் தரையிலிருந்து கூரைவரை இரும்புக் கூண்டு நின்றது. லிஃப்ட்.

அதன் கதவு திறந்து தலைமை எழுத்தர் அம்மா வெளியே வந்தார். முட்டி வலியால் திருப்பத்துக்குத் திருப்பம் நின்று மூச்சு வாங்கி ஏறுபவர்.

"வாம்மா, வந்து ஏறிப் பாரு! ஒரே மூச்சுல மூணாவது மாடி. எனக்கு மறுபிறவி எடுத்த மாதிரி இருக்கு."

அந்த முகத்தில் அத்தனை சந்தோஷம். யார் மேல் கோபப்படுவது? மரியாதைக்கு அவருடன் மேலே போனாள். இறங்கும்போது படியில் நடந்தே வந்தாள். ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று எட்டிப் பார்த்தாள். எங்கிருந்து பார்த்தாலும் பாதி வளைவு, மீதி இரும்பு.

அன்று அவள் அடுப்புப் பக்கமே போகவில்லை. கணவர் சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரித்தபடி, "என்னாச்சு?" என்றார்.

"நடுவுல லிஃப்ட் வெச்சுட்டாங்க."

"நல்லதுதானே?"

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"சரி, நல்லதில்ல," என்றார் அவர் அவசரமாக.