புள்ளிச் சிலம்பனின் தொண்டை

காலை ஐந்து மணிக்கு எடப்பாடியிலிருந்து கிளம்பினோம். கொல்லிமலைக்கு எனக்கு இது ஏழாவது பயணம். ஆறு முறையும் புள்ளிச் சிலம்பன் என்ற சின்னப் பறவையைத் தேடித்தான் போனேன். குரல் கேட்டிருக்கிறேன், ஆளைப் பார்த்ததில்லை. காய்ந்த இலையின் நிறம், காய்ந்த இலைக்குள்ளேயே நடந்து இரை தேடும். எங்கே கண்ணில் படப்போகிறது?

இந்த முறை பார்க்காவிட்டாலும் போகட்டும், அந்தப் பாட்டை இன்னொரு தடவை கேட்டுவிட வேண்டும். இருபத்தெட்டு வருடம் விசைத்தறிக் கொட்டகையில் நின்ற காதுகள். பேச்சு கேட்கிறது, கீச்சு ஒலிகள்தான் ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டிருக்கின்றன. போன மாதம் குக்கர் விசில் கேட்காமல் பருப்பைத் தீய விட்டு, மனைவியிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

வாடகைக் காரை ஓட்டி வந்தவர் வேலுச்சாமி, திருச்செங்கோட்டுக்காரர். பதினெட்டு வருடம் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் லாரி ஓட்டியவர். காரவள்ளி அடிவாரத்தில் பதினைந்து ரூபாய்க்கு டீ. எழுபது கொண்டை ஊசி வளைவுகளை அவர் ஏறிய நிதானத்தில் எனக்குத் தூக்கமும் விழிப்பும் கலந்துவிட்டன. ஜன்னலில் மூடுபனியும் மரங்களும் மாறி மாறி வந்தன. எத்தனையாவது வளைவு என்று கேட்கவும் தோன்றவில்லை.

ஒன்பது மணிக்குச் சோளக்காட்டைத் தாண்டி, காப்பித் தோட்டங்களுக்கு நடுவே மண்பாதையில் போனோம். பாதை முடிந்த இடத்தில் காரைப் பின்னால் எடுத்தவர், சட்டென்று பிரேக்கை மிதித்தார்.

“பின்னாடி யாருங்கண்ணா விசிலடிக்கறது?”

யாரும் இல்லை. எனக்கு எதுவும் கேட்கவும் இல்லை.

“ஒத்த விசிலுன்னா நிறுத்தோணுங்க. ரிக்குல பழகுன காலு, தானா மிதிச்சிருச்சு” என்றார்.

இறங்கினோம். பின்சக்கரத்திலிருந்து ஒரு முழம் தள்ளி, சரிவில் காய்ந்த இலைகள் உருண்டையாகக் குவிந்திருந்தன. பக்கவாட்டில் சின்ன வாசல். கூடுதான். எட்டிப் பார்க்காமல் விலகி நின்றோம். மேலே, காப்பிச் செடியின் தாழ்ந்த கிளையில் அது இருந்தது. பழுப்பு முதுகு, வெள்ளைத் தொண்டை, மார்பில் மங்கலான கீற்றுகள். அவ்வளவுதான் அதன் அழகு. அலகு திறந்தது. தொண்டை உப்பியது, அடங்கியது.

“பாடுதுங்களா?” என்று கேட்டேன்.

“மூணு மூணா அடிக்குதுங்க. கேக்கலீங்களாண்ணா?”

இல்லை என்று தலையசைத்தேன். அழுகை வந்தது, மறைக்கவில்லை. கேட்ட நாளில் காட்டாத முகத்தை இப்போது காட்டிக்கொண்டு எதிரே உட்கார்ந்திருந்தது. தொண்டை உப்பும்போதெல்லாம் ஒரு விரலை மடக்கினேன். வேலுச்சாமி என் கையையும் பறவையையும் மாறி மாறிப் பார்த்தார்.

“சரியா வருதுங்கண்ணா” என்றார் மெதுவாக.

காரை முன்னால் உருட்டி, கூட்டைச் சுற்றிக்கொண்டு வெளியே வந்தோம். 

மாலை ஆறரைக்கு வீடு. மனைவி தறிக் கொட்டகையில் இருந்தாள். அடுப்பில் குக்கர் இருந்தது. அதன் எதிரே போய் நின்றேன். வெயிட் மெல்ல நடுங்கியது, எழும்பியது, ஆவி விட்டு அடங்கியது. ஒரு விரலை மடக்கினேன். மூன்றாவது விரலுக்கு அடுப்பை நானே அணைத்தேன்.