பதினைந்தாம் சிக்னல்

ஐயா, அம்மா, இதை வாசிக்கும் தாங்கள் யாராயினும் என் வணக்கம்.

சின்ன காஞ்சிபுரத்தில், பட்டுப் புடவைகளுக்குக் கணினியில் பார்டர் வரைந்து தரும் அறை ஒன்றை நானும் என் நண்பரும் நடத்திவந்தோம். அவர் வரைவார், கணினிக்குப் பழுது வந்தால் நான் பார்ப்பேன். பள்ளியைப் பாதியில் விட்டவன் நான். லினக்ஸைப் புத்தகம் வைத்து, எழுத்துக்கூட்டித்தான் கற்றேன்.

ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராம் கணினியிடம் எதைக் கேட்கிறது, என்ன பதில் பெறுகிறது என்று வரிவரியாகக் காட்டும் கருவி ஒன்றுண்டு. ஸ்ட்ரேஸ் என்பார்கள். புரோகிராமை நிறுத்துவதற்கு எண்ணிட்ட சிக்னல்கள் உண்டு. நண்பர் அவற்றைத் தம் பாணியில் விளக்குவார்.

“ஒம்போது அனுப்சா கழுத்தப் புடிச்சி வெளிய தள்றது பா. பதினஞ்சுன்னா, ‘கடைய சாத்தறோம், கெளம்புங்க’ன்னு மரியாதையா சொல்றது. எல்லாத்தையும் எடுத்து வச்சிட்டுத்தான் போவும்.”

ஒரு நாள் வரைந்துகொண்டிருக்கையிலேயே நெஞ்சுவலி என்றார். மருத்துவமனையிலிருந்து திரும்பவில்லை. காரியம் முடிந்த மறுநாள், வழக்கப்படி, அவருடைய பாயையும் தலையணையையும் வீட்டார் அப்புறப்படுத்தினர். அறையிலும் அதைச் செய்வது என் கடமை என்றெண்ணி, கணினியில் அவர் பெயரிலிருந்த ஃபோல்டரை நீக்கினேன். வேலைகள் யாவும் பொது ஃபோல்டரில் இருப்பதாக நம்பினேன், திறந்து பார்க்கவில்லை.

சில நாள் கழித்து அவர் மனைவி வந்தார்.

“அண்ணா, பொண்ணு முகூர்த்தப் புடவைக்கு ஒரு பார்டர் போட்டுக்கினு இருந்தாரு. வலி வந்த அன்னிக்கும் அதுலதான் உக்காந்துக்கினு இருந்தாரு. இருக்குதா?”

பொது ஃபோல்டரில் அது இல்லை. ஆனால் அவர் வரையப் பயன்படுத்திய புரோகிராம் அன்றுமுதல் மூடப்படாமலே ஓடிக்கொண்டிருந்தது. திரை மட்டும் உறைந்திருந்தது. ஸ்ட்ரேஸை அதன்மேல் பொருத்தினேன். சில நொடிக்கொருமுறை அது எதையோ கேட்டது. “அப்படி ஒன்று இல்லை” என்றே பதில் வந்தது. இப்பதில் புதிதன்று, எந்தப் புரோகிராமும் பத்து இடங்களில் தேடி ஒன்பதில் இதைத்தான் பெறும். ஆகவே கேட்டது எதை என்று நான் வாசிக்கவில்லை. மரியாதையாகச் சொன்னால் எடுத்து வைத்துவிட்டுப் போகும் என்று பதினைந்தாம் சிக்னலை அனுப்பினேன்.

மூன்று வரிகள் வந்தன. சிக்னல் கிடைத்தது. சேமிக்க இடம் கேட்டது. அப்படி ஒன்று இல்லை. பிறகு புரோகிராம் முடிந்துபோயிற்று.

அதன் பின்னரே அந்த நடுவரியை எழுத்துக்கூட்டி வாசித்தேன். அதிலிருந்தது நண்பரின் பெயர். நான் நீக்கிய ஃபோல்டரில் அந்தப் பார்டரைச் சேமிக்க அது அத்தனை நாளும் முயன்றுகொண்டிருந்திருக்கிறது. அதே பெயரில் வெற்று ஃபோல்டர் ஒன்றை முதலில் உண்டாக்கியிருந்தால் போதும், பார்டர் பிழைத்திருக்கும்.

“இன்னா ண்ணா, வந்துச்சா?”

“மிஷின் கெட்டுப்போச்சும்மா.”

“உடுங்க ண்ணா. அந்தாளு எதைத்தான் முடிச்சி வச்சாரு?” என்று சிரித்தார். சிரித்தபடியே முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

நீக்கியதை மீட்கவும் முயன்றேன், கிடைக்கவில்லை. திருமணத்தில் அப்பெண் வேறொரு பார்டர் போட்ட புடவையை உடுத்தியிருந்தாள். தகப்பனார் இடத்தில் நின்று முதல் அட்சதை போடுமாறு என்னைத்தான் அழைத்தார்கள். போட்டேன். உண்மையை அன்றும் சொல்லவில்லை.

அந்த மூன்று வரிகளை அச்செடுத்து இத்துடன் இணைத்துள்ளேன். எனக்குப் பின் இவ்வறைக்கு வரும் தாங்கள் இக்குறிப்பை வைத்திருக்க வேண்டுகிறேன். அப்பெண் என்றேனும் கேட்டு வந்தால், கொடுத்துவிடுங்கள்.