டைப் மூன்று என்று சொல்லிவிட்டேன்

இன்று காலை எட்டேகாலுக்கு, சமையலறை ஏப்ரனோடு சைக்கிளில் சுவிஸின் சோலோதுர்ன் நகரத்தைக் குறுக்கறுத்துப் பறந்த ஒரு தமிழனை யாராவது பார்த்தீர்களா?

அது நான்தான்!

பொழுது பட்டும் இன்னும் நெஞ்சு அடங்கவில்லை. எழுதினாலாவது அடங்குமா பார்ப்போம்.

மகள் அபிக்குப் பதின்மூன்று வயது. இன்று காலை எட்டரைக்குப் பள்ளிக்கூட பஸ்சில் ஸ்கீ முகாமுக்குப் புறப்பாடு. ஐந்து நாள்.

ஸ்கீ, போன வருடம் பழைய பொருள் சந்தையில் எடுத்தது. சப்பாத்து மட்டும் புதிது. (கால் வளர்கிற வேகத்துக்கு மார்க்ஸ் வளரவில்லை, அது வேறு கதை!)

புதுச் சப்பாத்து ஸ்கீயில் கொழுவவில்லை. சப்பாத்தைப் பிடித்து வைக்கிற பூட்டு இருக்கிறதே, பைண்டிங், அதில் குதிகால் பக்கம் இடித்துக்கொண்டு நின்றது.

ஸ்க்ரூ டிரைவரை எடுத்தேன்.

"அப்பா, தொடாதேங்கோ! உது கடையிலதான் செய்யவேணும்."

"நாலு ஸ்க்ரூதானே பிள்ளை? ரெண்டு கட்டில் பூட்டினவன் நான்."

"அதில ஒண்டு உடைஞ்சுதானே அம்மா கீழ விழுந்தவ?"

ஸ்க்ரூ டிரைவரை வைத்துவிட்டேன்.

சனிக்கிழமை ஸ்கீக் கடைக்குப் போனோம். அங்கே நின்ற மனிதர் அபியின் நிறை, உயரம், வயது எல்லாம் கேட்டு எழுதினார். சப்பாத்தின் அடியை அளந்தார். பிறகு என்னைப் பார்த்து, "எப்படி ஓடுவாள்? டைப் ஒன்று மெதுவாக. இரண்டு நடுத்தரம். மூன்று வேகமாக" என்றார்.

எனக்கு அது மார்க்ஸ் மாதிரியே கேட்டது!

(இந்த நாட்டில் பள்ளிக்கூடத்தில் ஆறுதான் உச்சம். மூன்றோடு நிறுத்திவிட்டார்களே என்று ஒரு கவலைகூட வந்தது.)

இதில் இன்னொன்றும் இருக்கிறது. ஷாஃப்ஹவுசனில் இருக்கிற என் அண்ணையின் மகன் சுதன், இருப்பதிலேயே செங்குத்தான கறுப்புப் பாதையில் ஓடுகிறானாம். வாரத்துக்கு ஒருமுறை போனில் கேட்கிறேன். ஒவ்வொரு முறையும் அந்த மலை இன்னும் கொஞ்சம் செங்குத்தாகிறது.

"மூன்று!" என்றேன். யோசிக்கவே இல்லை.

உண்மை என்ன? என் மகள் வாழ்நாளில் நாலே நாள்தான் ஸ்கீ ஓடியிருக்கிறாள். அதில் இரண்டு நாள் பனியில் குந்திக்கொண்டே இறங்கினாள்.

ஸ்கீயைச் சரிசெய்யக் கொடுத்துவிட்டு வெளியே வந்த பிறகு, கையுறையை விட்டுவிட்டேன் என்று அபி கடைக்குள் திரும்பி ஓடினாள். நான் காரடியில் பெருமையோடு நின்றேன். சரிசெய்த ஸ்கீயையும் அவளே வாங்கிக்கொண்டு வந்தாள்.

இன்று காலை வேலையில் (முதியோர் இல்லத்துச் சமையலறை) கூட வேலை செய்கிற ஊர்ஸிடம் இதை அளந்தேன். சுவிஸ்காரர், ஒரு முழங்காலை இழுத்து இழுத்து நடப்பவர்.

"அவ்வளவு நல்லா ஓடுவாளோ?" என்றார்.

"ம்... ஓடுவாள்."

"உண்மையைச் சொல்லு."

சொன்னேன். கையிலிருந்த கத்தியைக் கீழே வைத்தார்.

"டைப் கூடினால் பைண்டிங்கை இறுக்கிற நம்பரும் கூடும். பிறகு விழேக்க ஸ்கீ காலை விடாது. ஸ்கீ ஒரு பக்கம், கால் ஒரு பக்கம். என்ர முழங்கால் அப்பிடித்தான் போனது."

அபிக்குப் போன் அடித்தேன், ஓஃப். முகாமென்றால் போனை வாங்கி வைத்துவிடுவார்கள். மனைவிக்கு அடித்தேன். அவர் முழுக்கக் கேட்டுவிட்டு, "உங்கட வாயால பிள்ளையின்ர கால் போகப்போகுது!" என்றார். பொய்யா சொன்னார்? சரியாகத்தான் சொன்னார்.

"போ, அவியலை நான் பாக்கிறன்" என்றார் ஊர்ஸ். (அவர் சொன்னது உருளைக்கிழங்கு அவிப்பதை!)

பள்ளிக்கூட மைதானத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது ஸ்கீக்களை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். டீச்சர், பெற்றோர், பிள்ளைகள், எல்லாரும் நிற்கிறார்கள். மூச்சு வாங்க, எனக்குத் தெரிந்த ஜெர்மனில், தேவைக்கு மேல் சத்தமாகச் சொன்னேன்.

"என்ர மகளுக்கு ஸ்கீ ஓடத் தெரியாது!"

மைதானமே திரும்பிப் பார்த்தது.

"அதுக்கென்ன, பழகத்தானே போறம்" என்றார் டீச்சர்.

"இல்லை, நான் கடையில பொய் சொல்லிப்போட்டன்! பைண்டிங்கை இறுக்கிப்போட்டினம்! விழுந்தாக் கால் முறிஞ்சிடும்!"

அபி பஸ்சிலிருந்து இறங்கி வந்தாள். முகம் சிவந்திருந்தது.

"அப்பா... ஏப்ரன்!"

"ஏப்ரனை விடு! அந்த ஸ்கீயை எடு!"

அவள் ஜாக்கெட் பொக்கற்றிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்து என் கையில் வைத்தாள். கடைத் தாள். டைப் மூன்று வெட்டப்பட்டிருந்தது. பக்கத்தில் பெரிதாக, டைப் ஒன்று. நம்பரும் குறைத்து எழுதியிருந்தது.

"கையுறை எடுக்கத் திரும்பிப் போனனான் எல்லோ? அப்ப சொன்னனான். அப்பா எல்லாத்துக்கும் மூண்டெண்டுதான் சொல்லுவார் எண்டு. அவர் சிரிச்சுப்போட்டு மாத்தித் தந்தவர். மெஷினில வச்சும் பார்த்தவர்."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. மறைக்க ஏப்ரன் உதவியது.

"அப்ப ஏன் பிள்ளை எனக்குச் சொல்லேல்லை?"

தாளைத் திருப்பி வாங்கி மடித்தாள்.

"நீங்கள் சந்தோசமா நிண்டனீங்கள் அப்பா."

பஸ் போய்விட்டது. நான் அங்கேயே நின்றேன். திரும்பி வந்து கிழங்கு உரித்தபோதும் அந்த ஒரு வசனம்தான் காதில் கேட்டது. நான் சந்தோசமாக நிற்பதற்காகப் பிள்ளை இன்னும் எதையெல்லாம் சொல்லாமல் வைத்திருக்கிறாளோ?

இப்போது சற்று முன் அண்ணை போன் எடுத்தார்.

"என்னடாப்பா, பிள்ளை முகாமுக்குப் போட்டாளாம்? எப்பிடி ஓடுறாள்?"

மூன்று என்பது நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிவிட்டேன்.

"டைப் ஒண்டு அண்ணை. பயந்து பயந்து மெதுவாத்தான் ஓடுவாள். பொய் சொன்னா விழேக்க ஸ்கீ கழலாதாம். கால் முறிஞ்சிடுமாம்."

சுதன் பக்கத்தில் நின்றான் போல, அண்ணை கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டது.

பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"டேய் தம்பி... இந்த ஸ்கீக் கடையள் காலமை எத்தினை மணிக்குத் திறக்கும்?"