பாரதமாதா வேஷம்

பாரிமுனைக் கடையொன்றில் நேற்று தனக்காக் கட்டை விற்றுக்கொண்டிருந்தார்கள். பர்மாவில் பெண்கள் இழைத்துக் கன்னத்தில் பூசும் அந்த மரப்பட்டையின் மணம், சாலைக்காக இடிக்கப்பட்ட எங்கள் திருவொற்றியூர்த் தெருவுக்கே என்னைக் கொண்டுபோய்விட்டது. தகரக் கூரைகளை உப்புக்காற்று அரிக்க, குழாயடியில் தெலுங்கும் உருதுவும் தமிழும் ஒன்றையொன்று திட்டிக்கொண்டிருக்க, பர்மாவிலிருந்து அகதியாக வந்திருந்த பவளம் கன்னத்தில் மஞ்சள் பூச்சோடு என்னுடன் பள்ளிக்குக் கிளம்புவாள்.

சுதந்திர தின நாடகத்தில் பாரதமாதாவாக டீச்சர் அவளைத்தான் தேர்ந்தெடுத்தார். எனக்குப் பொறுக்கவில்லை.

"இவ பர்மாக்காரி டீச்சர். பாரதமாதாவா எப்டி நிப்பா?" என்றேன். வகுப்பே சிரித்தது. டீச்சர் தயங்கிவிட்டு வேஷத்தை எனக்கு மாற்றினார்.

வெளியே வந்ததும் பவளம் பாவாடை நுனியால் கன்னத்தைத் துடைத்துக்கொண்டே கேட்டாள்: "அங்க எங்கள இந்தியாக்காரங்கனு தொர்த்தினாங்க. நீ பர்மாக்காரின்ற. அப்ப நா எந்த ஊர்க்காரிடி?"

இன்று அதற்குப் பதில் சொல்லலாம் என்றாலும், பின்னாளில் தெரு இடிந்து அவர்கள் எங்கோ போய்விட்டதால் கேட்பதற்கு ஆள் இல்லை.

விழாவன்று கிரீடத்தோடு மேடையில் நின்றேன். தேசிய கீதத்தின் நடுவே எனக்கு ஒரு வரி மறந்துபோனது. கீழே முன்வரிசையில் பவளம் பிசகாமல் பாடிக்கொண்டிருந்தாள். அவள் வாயசைவைப் பார்த்துத்தான் மீதியைப் பாடி முடித்தேன்.