ஒரே ஆணியில் இரண்டு

செந்தூல் ரயில்வே குவார்ட்டர்ஸில் எங்கள் வீட்டு முன்னறைச் சுவரில் ஓர் ஆணி இருந்தது. அதில் இரண்டு பொருள்கள் தொங்கின. ஒன்று, முக்குச் சீனர் கடையில் இலவசமாகக் கிடைத்த, பெரிய எண்கள் போட்ட காலண்டர். மற்றது, அதே கடையில் வாங்கிய ரோத்தான். பிரம்புதான், பிடிக்கச் சிவப்பு பிளாஸ்டிக் வளைவு இருக்கும். எங்கள் வரிசையில் ரோத்தான் இல்லாத வீடு எனக்குத் தெரிந்து கிடையாது.

அப்பா பட்டறையில் ஃபிட்டர். ஒவ்வொரு எஞ்சினுக்கும் ஒரு புத்தகம் உண்டு என்றும், என்ன பழுது, என்ன செய்தோம், பழுது திரும்பி வந்ததா என்று எழுதாமல் வேலை முடியாது என்றும் சாப்பிடும்போது சொல்வார். அம்மா காதில் வாங்க மாட்டார். எனக்கு ஒன்பது வயது, நான் வாங்குவேன்.

அந்த ஆண்டு எங்கள் வீட்டுப் பழுது தங்கை. ஜனவரியில் ஒன்றாம் வகுப்புக்குப் போக வேண்டியவள் இன்னும் பாயை நனைத்துக்கொண்டிருந்தாள். நனைந்த காலைகளில் அப்பா ரோத்தானை எடுப்பார். உள்ளங்கையில் இரண்டு. கோபக்காரர் அல்லர், மருந்து கொடுப்பவர்போல அளவாக அடிப்பார். அம்மா பாயைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்விடுவார்.

“ஸ்கூல்ல போய் இப்படிப் பண்ணா மத்த பிள்ளைங்க சும்மா விடுமா? இப்பவே நிறுத்தணும் லா” என்பார், பாயை உதறியபடி.

அக்டோபர் முதல் தேதி நான் காலண்டரில் பென்சிலால் குறிக்கத் தொடங்கினேன். நனைந்த நாளுக்கு வட்டம். அடி விழுந்த நாளுக்குக் கோடு. குறிகளின் விளக்கம் கீழ் ஓரத்தில்.

மாதக் கடைசியில் ஒரு சாயங்காலம், காலண்டரில் தம் ஷிஃப்ட் நாள் பார்க்க வந்த அப்பா அங்கேயே நின்றுவிட்டார்.

“என்னம்மா இது, வட்டம் வட்டமா?”

“பாப்பா நனைச்ச நாளு.”

“கோடு?”

“நீங்க ரிப்பேர் பண்ண நாளு.”

அம்மா அடுப்படியில் சிரித்துவிட்டார். அப்பா சிரிக்கவில்லை. விரலைக் கட்டம் கட்டமாக நகர்த்தினார். கோடு விழுந்த நாளுக்கு மறுநாள் அநேகமாக வட்டம் இருந்தது.

“இந்த வாரம் கோடே காணோமே?”

“நீங்க ஈப்போவுக்கு வேலைக்குப் போயிருந்தீங்க.”

அந்த வாரம் முழுவதும் ஒரே ஒரு வட்டம்.

என்னிடம் பரிந்துரையும் தயாராக இருந்தது. “இந்த ரோத்தான் சரியில்லப்பா. கடைல தடிச்சது இருக்கு, அத வாங்கலாம்.”

காலண்டரை வெளிச்சத்துக்குக் கொண்டுபோக அப்பா ஆணியை நோக்கிக் கையை உயர்த்தினார். மூலையில் பொம்மைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்த தங்கை எழுந்து வந்தாள். யாரும் கூப்பிடவில்லை. அப்பாவின் முன் நின்று, கண்களை இறுக மூடி, உள்ளங்கையை நீட்டினாள். அவள் காலடியில் சிமெண்டுத் தரை நனைந்தது. விழித்திருக்கும்போது அவளுக்கு அப்படி ஆனதே இல்லை.

நான் பென்சிலை எடுத்தேன். “பகல்ல நனைச்சா வேற குறி போடணுமாப்பா?”

அப்பா தம் வேலைச் சட்டையைக் கழற்றித் தரையைத் துடைத்தார். நீட்டிய கை அப்படியே இருந்தது. அதைப் பிடித்து விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி, “போம்மா, பொம்மைக்குப் பசிக்கும்ல” என்றார்.

மறுநாள் ரோத்தானைக் காணோம். ஆணியையும் காணோம். காலண்டர் எதிர்ச்சுவரில், தங்கைக்கு எட்டும் உயரத்தில், புது ஆணியில் தொங்கியது. நனையாத நாளுக்கு அவளே ஒரு பூ வரையலாமாம்.

“என் லிஸ்ட்ல பூவே இல்லம்மா!”

“இப்ப சேத்துக்க லா” என்றார் அம்மா.

வட்டங்கள் உடனே நின்றுவிடவில்லை. டிசம்பரில் பூக்கள் முந்திக்கொண்டன. ஜனவரியில் அம்மா பள்ளிப் பையில் வைத்தனுப்பிய மாற்றுடை ஒவ்வொரு நாளும் மடிப்புக் கலையாமல் திரும்பி வந்தது.

இன்று ஷா ஆலாமில் ஒரு தொழிற்சாலையில் பழுது அறிக்கைகள் எழுதுகிறேன். என் முதல் அறிக்கையை அப்பா நிராகரித்துவிட்டதாக எனக்கு வெகுநாள் மனத்தாங்கல். கடையில் தடித்த ரோத்தான் இருந்தும் அவர் வாங்கவில்லையே.

ஆணியைப் பிடுங்கிய அன்று, சுவரில் இருந்த ஓட்டையைப் பற்பசை வைத்து அடைத்து, தெரியாமல் போகும்வரை கட்டைவிரலால் தேய்த்துக்கொண்டே இருந்தார். குவார்ட்டர்ஸைச் சோதிக்க யாரோ வருகிறார்கள்போல என்று நினைத்துக்கொண்டேன்.