உண்ணி காட்டிய இரண்டாவது கரையான்சாவடி

கண்ணாடிக் கடை வேலை என்றால் பாதி நேரம் அடுத்தவர் மூக்கை அளப்பது, மீதி நேரம் "இப்போ தெளிவா, முன்னே தெளிவா?" என்று கேட்டுக்கொண்டே இருப்பது. கண்ணாடியைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு வீடெல்லாம் தேடுகிற உங்களுக்கு இந்த வேலையின் அருமை தெரியும். அறுபதுகளின் கடைசியில் கரையான்சாவடி மெயின் ரோட்டில் ஒரு சின்னக் கடையில் பார்வை சோதிப்பவனாக இருந்தேன். என் கண்ணைப் பற்றி எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. அந்தக் கர்வத்தை ஒரு பூச்சி கடித்துத் தின்ற கதை இது.

ஜிம்மியின் காது

கடை வாசலில் ஜிம்மி என்று ஒரு தெருநாய் படுத்திருக்கும். அதன் காது முழுக்க உண்ணி. மத்தியானம் ஆள் வராத நேரத்தில், ஃபிரேமின் குட்டித் திருகாணியைப் பிடிக்கிற சாமணத்தால் ஒவ்வொன்றாகப் பிடுங்கி, இரண்டு கட்டைவிரல் நகத்துக்கும் நடுவில் வைத்து நசுக்குவேன். 'டப்' என்று ஒரு சத்தம் வரும். அதில் ஒரு சுகம். ஜிம்மி சொக்கிப்போய்க் கண்ணை மூடும். பஸ்கள் தூசியைக் கிளப்பிக்கொண்டு பூந்தமல்லிப் பக்கம் போகும். எனக்கும் கண் செருகும்.

சேக்காட்டிலிருந்து வெண்ணெய் விற்க வரும் குப்பம்மா, எங்களிடம் கண்ணாடி வாங்கியவள். ஒரு நாள் கூடையை இறக்கி வைத்துவிட்டு நான் செய்வதை ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு கேட்டாள்: "நைனா, அந்தக் கையாலதானே என் மூக்கு மேல கண்ணாடிய வெச்சே?"

அம்மை

பத்து நாளில் எனக்குக் காய்ச்சல் வந்தது. காட்டுப்பாக்கத்தில் ஓட்டு வீட்டின் பின்னறை ஒன்றில் குடியிருந்தேன். வேட்டி கட்டுகிற இடத்தில், சிகரெட்டால் சுட்டதுபோல் ஒரு கறுப்புப் பொருக்கு இருந்தது. வெட்கப்பட்டுக்கொண்டு அதை யாருக்கும் காட்டவில்லை. உள்ளங்கையில் சிவப்புப் புள்ளிகள் வந்தபோதுதான் வீட்டுக்கார அலமேலம்மா பார்த்தார். பார்த்த உடனே கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

அதன் பிறகு எனக்கு வைத்தியம் இல்லை, மரியாதைதான். தலைமாட்டில் வேப்பிலை, வேளாவேளைக்குக் கூழ். ஓட்டில் பதித்திருந்த கண்ணாடிச் சில்லு வழியாக விழும் வெயில் காலையில் சுவரிலிருந்து இறங்கும், என் மார்பின்மேல் ஏறும், மாலையில் வாசல் வழியாகப் போய்விடும். நானும் அதோடு எங்கெங்கோ போய் வந்தேன். ஒரு முறை டாக்டரிடம் போகிறேன் என்று எழுந்து உட்கார்ந்தேன். அலமேலம்மா என் தோளைப் பிடித்து அமுக்கினார்: "ஆத்தா வந்துகீறா. ஊசி கீசி போட்டுக்கினா அவளுக்குக் கோவம் வரும். வேப்பிலை மேல சும்மா படுத்துக்கினு கெட."

இரண்டு பாய்

காய்ச்சல் இறங்கியது. வெளியே வந்தால் கரையான்சாவடி இரண்டாகிவிட்டிருந்தது. ஒன்று எப்போதும் இருந்த கரையான்சாவடி. இன்னொன்று அதற்கு இடது பக்கம், கொஞ்சம் தள்ளி, புகைக்குள் மிதந்தது. அந்த இரண்டாவது ஊரில் பஸ்ஸின் சிவப்புகூட வெளுத்திருந்தது. பயந்தேன் என்பது உண்மை. பார்க்க அழகாக இருந்தது என்பதும் உண்மை.

பலவீனம்தான், சரியாகிவிடும் என்று வேலைக்குப் போனேன். தையற்கடை காதர் பாய், ஊசியில் நூல் கோக்க முடியவில்லை என்று வந்தார். "ரெண்டு பேரும் உட்காருங்க பாய்" என்று சொல்லிவிட்டேன். பார்வை பார்க்கிறவனுக்கே பார்வை இல்லையென்றால் சோதிக்கிறவன் நாற்காலியில் அவனுக்கு என்ன வேலை? எனக்கு வேறு தொழிலும் தெரியாது. பாய் பின்னால் திரும்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "நான் ஒண்டிதாம்பா வந்துகீறேன். தம்பி கடையில கீறான், அவனையும் இட்டுக்கினு வரட்டுமா?"

கறுப்பு வில்லை

இடது கண்ணை மூடினால் ஊர் ஒன்றாகிவிடும் என்று கண்டுபிடித்தேன். ஒரு கண்ணை மறைத்துச் சோதிப்பதற்கு ஒரு கறுப்பு வில்லை வைத்திருப்போம். அதைச் சோதனை ஃபிரேமில் போட்டு நானே மாட்டிக்கொண்டு வேலை செய்தேன். இரண்டு நாள் ஓடியது. மூன்றாம் நாள் ஆவடியிலிருந்து ஒரு தொழிற்சாலைக்காரர் வந்தார். முதலாளி பக்கத்தில் நிற்கும்போதே சத்தமாகக் கேட்டார்: "இன்னா மாமே, நீ பாதிக் கண்ண மூடிக்கினு கீறே, எனக்குப் பாதிப் பவர்தான் வருமா?"

டாக்டர் கேட்ட கேள்வி

முதலாளி நல்ல மனிதர், ஆனால் தொழிலில் கறார். "ரெண்டு கண்ணும் சரியானா நாற்காலி உனக்கு. இல்லேன்னா வேற ஆளைத்தான் பாக்கணும்" என்று சொல்லிப் பட்டணத்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். காய்ச்சலையும் புள்ளிகளையும் பற்றிச் சொன்னதும், டாக்டர் என் கண்ணைப் பார்ப்பதற்கு முன் சட்டையைத் தூக்கச் சொன்னார். இடுப்பில் அந்தப் பொருக்கு உதிர்ந்த தழும்பைப் பார்த்ததும், "நாய் ஏதாவது வளக்கிறியா?" என்றார். வந்தது அம்மை இல்லை, உண்ணிக் காய்ச்சல். கண்ணைத் திருப்புகிற நரம்பு ஒன்றையும், பார்வை நரம்பையும் அது தொட்டுவிட்டதாம்.

மருந்து கொடுத்தார். அலமேலம்மாமேல் கோபம் வந்தது. ஆனால் பத்து நாள் என் வாயில் கூழ் ஊற்றிய கை அது, என்ன செய்ய? மூன்று மாதத்தில் இரண்டு ஊரும் ஒன்றையொன்று நெருங்கி வந்தன. ஒரு நாள் காலை இரண்டு ஜிம்மியும் ஒரே ஜிம்மியாயின. அதைக் கட்டிக்கொண்டு அழுதேன். இடது கண்ணின் நடுவில் இருந்த புகை மட்டும் கலையவில்லை. அதைப் பற்றி டாக்டர் முதல் நாளே சொல்லியிருந்தார்: "ரெண்டா தெரியறது போயிடும். அந்தப் புகைக்கு மட்டும் என்னால வாக்குக் குடுக்க முடியாதுப்பா. முன்னாடியே வந்திருக்கணும்."

கடைசி வரி

மூன்று மாதம் கழித்து வேலைக்குத் திரும்பிய அன்று முதலாளி என்னைச் சோதனை அறைத் திரைக்கு வெளியிலேயே நிறுத்தினார். வலது கண்ணைத் தன் உள்ளங்கையால் பொத்தி, உள்ளே அழைத்துப்போய் உட்காரவைத்து, பார்வை சோதிக்கிற எழுத்து அட்டையின் விளக்கைப் போட்டார். "படி."

எதிரே வெளிச்சத்தில் புகை சுழன்றது. ஓர் எழுத்தும் தெரியவில்லை. ஆனால் ஏழு வருஷமாக அந்த அட்டையோடு குடித்தனம் நடத்தியவன் நான். மேலிருந்து கீழே படித்தேன். இயல்பாக இருக்கட்டும் என்று ஐந்தாவது வரியில் கொஞ்சம் தயங்கினேன். கடைசி வரியைப் பிசகாமல் முடித்தேன். மனசுக்குள் என் பழைய நாற்காலியில் போய் உட்கார்ந்தும்விட்டேன்.

முதலாளி மெல்லக் கையை எடுத்தார். வலது கண்ணுக்கு எல்லாம் பளிச்சென்று தெரிந்தது: மடிப்புத் தடம்கூட மறையாத புது அட்டை, வேறு எழுத்துகள். கண்ணைப் பொத்திய கையை அவர் என் தோளில் வைத்தார்: "நீ படிச்சது பழைய அட்டை, தம்பி. அது கிழிஞ்சு போச்சுன்னு போன வாரம்தான் மாத்தினேன்."

அன்றிலிருந்து நாற்காலியை இழந்து, கடையின் பின்கட்டில் உட்கார்ந்து ஊரார் தெளிவாகப் பார்க்க வில்லை தேய்த்துக் கொடுத்த எனக்கு, பாதி ஊர் புகையாகத்தான் தெரிந்தது; அந்தப் பாதிதான் கொஞ்சம் அழகாகவும் தெரிந்தது என்பதை முதலாளியிடம் நான் கடைசிவரை சொல்லவில்லை.