எங்கள் அறைக்கு வரவிருந்த துவக்கு

இரண்டாம் உலக யுத்த காலத்தில் திருகோணமலைத் துறைமுகத்தில் வேலை இருந்தது, தங்கத்தான் இடமில்லை. கப்பல்களில் சாமான் இறக்கும் வேலைக்கு வந்த அப்பாவுக்கு ஓர் அறை கிடைத்ததைப் பெரிய அதிர்ஷ்டம் என்றார்கள். நீளமான ஒரு வீட்டைப் பலகை அடித்து ஐந்து அறைகளாக்கியிருந்தார்கள். எங்களுடையது நடு அறை. பாய் விரித்தால் நிற்க இடமிருக்காது. பக்கத்து அறைத் தையல்காரர் தும்மினால் இங்கிருந்தே அப்பா "நூறு" என்பார்.

எல்லோருக்கும் சமைக்க ஒரு குசினி, குளிக்க ஒரு கிணறு. முன் அறையில் தனியாக இருந்த வீட்டுக்கார மாமிதான் இரண்டுக்கும் காவல். நாங்கள் குடிவந்த அன்றே அம்மாவின் வயிற்றைப் பார்த்து, "பேறுக்கு ஊருக்குப் போயிர வேணும், பிள்ளை. இந்த வீட்டுக்க ஏலாது" என்று சொல்லிவிட்டார். அம்மாவும் "ஓம் மாமி, வெருகல்ல அம்மா இருக்கிறா" என்று தலையாட்டினார்.

பிறகு கிணற்றடியில் கண்ட போதெல்லாம் மாமி கேட்பார்: "எப்ப பயணம்?"

"வாற கிழமை, மாமி."

அந்த வாற கிழமை வரவே இல்லை. ஒரு பின்னேரம் அம்மா அப்பாவிடம் மெல்லிய குரலில் சொன்னது என் காதில் விழுந்தது.

"இஞ்சாருங்கோ, செத்துப்போன அம்மாவிட்ட நான் எப்பிடிப் போறது? துடக்கு வந்தா மாமி எங்களை வெளியில போகச் சொல்லுவா."

பிள்ளை பிறந்த வீட்டுத் தீட்டைத்தான் எங்கள் பக்கம் துடக்கு என்பார்கள். எனக்கு அப்போது ஆறு வயது. அம்மாவின் வயிற்றைப் பற்றி யாரும் என்னிடம் எதுவும் சொல்லியிருக்கவில்லை. துடக்கு என்ற சொல்லும் எனக்குத் தெரியாது. தெரிந்ததெல்லாம் துவக்குத்தான், சுடுகிற துப்பாக்கி. தெருவில் போகிற பட்டாளக்காரர் எல்லோரின் தோளிலும் ஒரு துவக்கு தொங்கியது. அதில் ஒன்று எங்கள் அறைக்கு வரப்போகிறது என்று முடிவு செய்தேன். இரண்டு நாளாகப் பாய்க்கடியிலும் டிரங்குப் பெட்டியிலும் தேடினேன். சாப்பாடு இறங்கவில்லை.

மூன்றாம் நாள் கிணற்றடியில் மாமி என் நாடியைப் பிடித்து முகத்தை நிமிர்த்தினார். "ஏன் பிள்ளை முகம் வாடிக் கிடக்கு?"

யாரிடமும் வாய் திறக்காத நான் ஒரே மூச்சில் கொட்டிவிட்டேன். "மாமி, எங்கட அறைக்குத் துவக்கு வரப்போகுதாம். எங்களை வெளியில போகச் சொல்லாதையுங்கோ."

"துவக்கோ? ஆர் சொன்னது?"

"அம்மா. வெருகல்ல அம்மம்மா செத்துப் போனாவாம். போறதுக்கு ஒரு இடமும் இல்லையாம்."

மாமி கயிற்றைப் பிடித்தபடி நின்றார். வாளி தண்ணீருக்குள் தாழ்ந்து போனது. அவர் வாயை இறுக்கி மூடியதைப் பார்த்துக் கோபம் என்று நினைத்தேன். எல்லாவற்றையும் நான் கெடுத்துவிட்டேன் என்றும் நினைத்தேன்.

அடுத்த நாள் காலை மாமி எங்கள் வாசலில் நின்றார். கையில் ஒரு பை, கக்கத்தில் துணியால் சுற்றிய சாமிப்படம். அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

"இஞ்ச பார், பிள்ளை. உன்ர அறைக்குத் துவக்கு வருகுதாம். எனக்குத் துவக்கெண்டா ஆகாது. கந்தளாய்க்குத் தங்கச்சி வீட்டை போறன். அது வந்து கழிஞ்சாப் பிறகு வாறன்."

"மாமி, நான் பொய்..."

"ஒண்டும் கதைக்காத. இதுக்க காத்தில்லை, என்ர முன் அறைக்குப் போ. மருத்துவிச்சிக்குச் சொல்லிப்போட்டன்." பூட்டுத் திறப்பை அம்மாவின் கையில் வைத்துவிட்டுத் திரும்பிப் பாராமல் நடந்தார்.

பலகைக்கு அப்பால் தையல்காரரின் குரல் கேட்டது. "ஜப்பான்காரன் குண்டு போட்ட நாளிலயே அசையாத மனுசி, துவக்குக்கு ஓடுறா!"

அம்மா திறப்பைப் பொத்திப் பிடித்துக்கொண்டு அழுதார். எனக்குத் தாங்கவில்லை. கழுத்தைக் கட்டிக்கொண்டு, "அழாதையுங்கோ அம்மா. துவக்கு வந்தா நான் தூக்கிக் கிணத்துக்க போட்டுடுறன்" என்றேன்.

அம்மா என் வாயைப் பொத்தினார். கண்ணீரோடு அவருக்குச் சிரிப்பும் வந்துவிட்டது. தையல்காரரும் சிரித்தார். நான் இவ்வளவு தைரியமாகப் பேசியும் சிரிக்கிறார்களே என்று எனக்குக் கோபம் வந்தது. தெருமுனையில் சாமிப்படத்தோடு வேகமாகப் போய்க்கொண்டிருந்த மாமியைப் பார்த்து, பாவம், இந்த வீட்டிலேயே பெரிய பயந்தாங்கொள்ளி இவர்தான் என்று நினைத்துக்கொண்டேன்.